மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 – 1986) ஓர் இந்திய மருத்துவர். இந்தியாவில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணியாற்றி வந்த இவர், 1954 ஆம் ஆண்டில் நிகழ்ந்த சாலை விபத்தொன்றில் தண்டுவடம் காயமுற்று இடுப்புக்குக் கீழே இயக்கத்தையும் உணர்வையும் நிலையாக இழந்தார். அதன் பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963 இல் வேலூரில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1972 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிறுவனம் இன்று இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

இளமையும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925 ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சியில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தை திருச்சபையிலும் ஊரிலும் மதிப்புப் பெற்றவர். பள்ளிக் கல்விக்குப் பின் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் பயின்ற மேரி, பின்னர் மருத்துவம் பயில வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரி அமெரிக்க மருத்துவரான ஐடா சுகடரால் உருவாக்கப்பட்டதாகும். ஆண் மருத்துவரிடம் செல்லப் பெண்கள் தயங்கிய காலத்தில் பெண்களுக்கென ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர் பட்டம் வழங்கும் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். மேரி அங்குப் பயின்ற காலம், கல்லூரி புதிய துறைகளைத் தொடங்கிக்கொண்டிருந்த காலமாகும். 1949 இல் யாக்கோபு சாண்டி அங்கு நரம்பியல் அறுவை மருத்துவத் துறையை நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கிலேய மருத்துவரான பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்யும் முறைகளை உருவாக்கி வந்தார்.

மருத்துவப் பட்டம் பெற்ற மேரி, பெண்ணோயியலில் ஈடுபாடு கொண்டு அதே மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

விபத்து

1954 சனவரியில் மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் சிற்றுலா சென்றனர். அவர்களுள் மேரியும் ஒருவர். வழியில் ஒரு பேருந்தை முந்திச் செல்ல முயன்றபோது வண்டி கட்டுப்பாட்டை இழந்து சாலையோரத்தில் கவிழ்ந்தது. மேரியின் முக எலும்புகள் முறிந்தன. கன்னத்தில் ஆழமான காயம் ஏற்பட்டு, அதன் தழும்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. முகக் காயத்தை விடக் கடுமையானது தண்டுவடத்தில் ஏற்பட்ட காயம். இரு கால்களும் முற்றிலும் செயலிழந்தன. முப்பது வயதைக்கூட எட்டாத நிலையில், தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே அவர் நோயாளியானார்.

அக்காலத்தில் தண்டுவடக் காயமுற்றோர் பலரும் காயத்தினால் அன்றி, அதன் பின்விளைவுகளாலேயே சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ இறந்தனர். படுக்கைப் புண்களில் ஏற்படும் தொற்றும், சிறுநீரகத் தொற்றும் இவற்றுள் முதன்மையானவை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், இங்கிலாந்தின் இசுடோக் மாண்டவில் மருத்துவமனையில் இலுட்விக் குட்மன் தொடங்கிய தனிப் பிரிவுதான் இந்நிலையை மாற்றியது. நோயாளியை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பையை முறையாகக் காலி செய்தல், விளையாட்டும் தொழிலும் கற்பித்தல் ஆகியவற்றால் இவர்கள் நெடுங்காலம் வாழ இயலும் என்பதை அவர் மெய்ப்பித்தார். எனினும் 1954 இல் இந்தியாவில் அத்தகைய சிறப்புப் பிரிவின் வசதி மேரிக்குக் கிடைக்கவில்லை.

மேரியின் மருத்துவத்தில் பால் பிராண்டு முதன்மையான பங்கு வகித்தார். முதுகெலும்பை இணைத்து உறுதியாக்கும் அறுவை மேரிக்குச் செய்யப்பட்டது. இத்தகைய அறுவை கால்களின் இயக்கத்தை மீட்டுத் தருவதில்லை. முதுகு நிமிர்ந்து நிற்கவும், நோயாளி நீண்ட நேரம் உட்கார்ந்து பணியாற்றவும் அது உதவுகிறது. மேரியின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த உட்கார்ந்த நிலையின் மீதே அமைந்தது.

சக்கர நாற்காலியில் அறுவை மருத்துவம்

கால்கள் செயலிழந்த ஒருவர் அறுவை மருத்துவராகத் தொடர இயலாது என்பதே அன்றைய பொதுவான எண்ணம். அறுவை மருத்துவர்கள் மேசையருகே மணிக்கணக்கில் நின்று பணியாற்றுவதே வழக்கம். ஆனால் கை அறுவைக்கு இது கட்டாயமில்லை. நோயாளியின் கையைச் சிறு மேசையின் மீது நீட்டி வைத்து, மருத்துவர் அமர்ந்த நிலையிலேயே நுண்ணிய வேலைகளைச் செய்யலாம். மேரியின் கைகளும் கண்களும் அறிவும் எவ்விதக் குறையுமின்றி இருப்பதைச் சுட்டிக்காட்டிய பிராண்டு, கை அறுவையைக் கற்றுக்கொள்ளுமாறு அவரை ஊக்கினார்.

முதலில் உதவியாளராகப் பங்கேற்ற மேரி, பின்னர் தாமே அறுவைகளைச் செய்யலானார். தொழுநோய் சில நரம்புகளைத் தாக்கும்போது கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் நகம்போல் மடங்கிவிடுகின்றன. உணர்வும் அற்றுப்போவதால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் விரல்கள் மேன்மேலும் சிதைகின்றன. நன்கு இயங்கும் தசை ஒன்றின் நாணை இடம் மாற்றி விரல்களில் இணைப்பதே இதற்கான அறுவையாகும். அறுவைக்குப் பின், பழைய தசையைப் புதிய வேலைக்குப் பழக்க இயன்முறைப் பயிற்சி தேவை.

மேரியின் பணி இங்கு வேறொரு வகையிலும் பயன்பட்டது. கைகளை இழந்துவிட்டோம் என்று நம்பிக்கையற்று வந்த நோயாளிகள், கால்களை இழந்த ஒருவர் தமக்கு அறுவை செய்வதைக் கண்டனர். உணர்வற்ற உடலுறுப்பைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நோயாளிக்கும் மருத்துவருக்கும் பொதுவாக இருந்தது. தொழுநோயாளி தன் விரல்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டியது போலவே, தண்டுவடக் காயமுற்றவரும் தன் தோலைப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

தண்டுவடமும் கால்களும்

மேரி பின்னாளில் தேர்ந்தெடுத்த துறையின் தேவையை உணர, முதுகெலும்புக்கும் கால்களுக்கும் உள்ள தொடர்பை அறிதல் உதவும்.

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்பின் குழாய் போன்ற பகுதிக்குள் அமைந்துள்ளது. வளர்ந்தவர்களில் இது பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவில் முடிவடைகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால்போல் கற்றையாகத் தொங்குகின்றன. காலின் பின்பக்கமாக இறங்கும் பெருநரம்பு, கீழ் முதுகிலும் திருவெலும்பிலும் இருந்து புறப்படும் வேர்களால் ஆனது. ஆகவே முதுகில் ஏற்படும் கோளாறு காலில் வெளிப்படுவது இயல்பு. கோளாறு எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்து விளைவுகள் வேறுபடுகின்றன:

- முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி ஒரு நரம்பு வேரை அழுத்தினால், பிட்டத்திலிருந்து பாதம் வரை இறங்கும் வலியும் மரத்துப்போதலும் ஏற்படும். இவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவையின்றியே நலமடைகின்றனர்.
- குதிரை வால் நரம்புக் கற்றை முழுவதும் அழுத்தப்பட்டால், சிறுநீர் கழிக்க இயலாமை, மலவாய்ப் பகுதியில் உணர்வின்மை, இரு கால்களிலும் தளர்ச்சி ஆகியவை தோன்றும். இது உடனடி அறுவை தேவைப்படும் நிலையாகும்.
- தண்டுவடமே முழுமையாகக் காயமுற்றால், காயத்துக்குக் கீழே இயக்கமும் உணர்வும் அற்றுப்போகும். மேரிக்கு நேர்ந்தது இதுவே.

தொடு உணர்வு இல்லாத கால்களில் வலி இருக்காது என்று பலர் கருதுவர். இது சரியன்று. தண்டுவடக் காயமுற்றோரில் பலர், கிள்ளினாலும் அறியாத கால்களில் எரிச்சலையும் மின்னதிர்ச்சி போன்ற வலியையும் உணர்கின்றனர். வலியைத் தோற்றுவிப்பது காலன்று. சேதமுற்ற நரம்பு மண்டலமே ஆகும். மறுவாழ்வு மருத்துவம் தனித்துக் கையாளும் சிக்கல்களுள் இதுவும் ஒன்று.

முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறையையும் பலர் நாடுகின்றனர். 1895 இல் அமெரிக்காவின் தாவன்போர்ட்டில் தானியேல் தாவீது பால்மர் இம்முறையைத் தொடங்கினார். நோய்களில் பெரும்பாலானவை முள்ளெலும்புகள் இடம் பிசகுவதாலேயே தோன்றுகின்றன என்ற அவருடைய கோட்பாட்டை அறிவியல் ஏற்கவில்லை. எனினும் கீழ் முதுகு வலிக்குக் கையால் செய்யும் மருத்துவம் உடற்பயிற்சியுடன் சேரும்போது ஓரளவு பயன் தரலாம் என்பதை இன்றைய வழிகாட்டுதல்கள் சில ஏற்கின்றன. முறிந்த முதுகெலும்பிலும், குதிரை வால் அழுத்தத்திலும், எலும்பைத் தாக்கிய காசநோயிலும் புற்றுநோயிலும் இவ்வாறு அழுத்துதல் நிலையான ஊனத்தை விளைவிக்கக்கூடும். எனவே கைவைக்கும் முன் நோயைச் சரியாக அறிதல் இன்றியமையாதது.

வெளிநாட்டுப் பயிற்சி

1950களின் பிற்பகுதியில் மேரி ஆத்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்றார். அங்குத் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பிரிவு அண்மையில் தொடங்கப்பட்டிருந்தது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், தாமே உடுத்துதல், குளித்தல், பிறர் உதவியின்றி வெளியே செல்லுதல் போன்றவற்றில் முறையான பயிற்சியின் பயனை அவர் அங்கு நேரில் பெற்றார். வேலூரில் அன்பான தோழர்களும் திறமை மிக்க மருத்துவர்களும் இருந்தனர். ஆனால் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், தொழில்வழி மருத்துவர், கருவி செய்வோர் ஆகியோர் ஒரே குறிக்கோளுடன் குழுவாக இயங்கும் அமைப்பு அங்கு இருக்கவில்லை. அதனை இந்தியாவில் ஏற்படுத்த வேண்டும் என்ற எண்ணம் மேரியிடம் வலுப்பெற்றது.

தொடர்ந்து, உலக மறுவாழ்வு நிதியத்தின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்ற மேரி, நியூயார்க்கில் ஓவர்டு இரசுக் நிறுவிய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். போரில் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றிய இரசுக், உயிரைக் காப்பதோடு மருத்துவம் முடிவதில்லை என்றும், நோயாளியைக் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் திருப்பி அனுப்புவதும் மருத்துவத்தின் கடமையே என்றும் வலியுறுத்தியவர். கடுங்குளிரும் பனியும் மிக்க நகரில் சக்கர நாற்காலியில் வாழ்ந்து ஒரு புதிய துறையைக் கற்பது எளிதன்று. கை அறுவையில் பெயர் பெற்றுவந்த நிலையில் அதனை விட்டு, இந்தியாவில் பலரும் அறியாத ஒரு துறைக்கு மாறுவதும் துணிவான முடிவேயாகும்.

மறுவாழ்வுத் துறை

பயிற்சியை முடித்துத் திரும்பிய மேரி, 1963 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பயிற்சியளிக்கத் தனி இடம் தேவைப்பட்டது. பொது மருத்துவமனையின் படுக்கைகள் உயிருக்குப் போராடுவோருக்கே போதாதபோது, உயிருக்கு ஆபத்தில்லாத ஒருவருக்கு மாதக்கணக்கில் இடம் ஒதுக்குவது கடினம். இதற்குத் தீர்வாக 1966 இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளைத் தங்கவைத்து மறுவாழ்வுப் பயிற்சி அளிப்பதில் இது இந்தியாவில் முன்னோடியான நிறுவனமாகும்.

இந்நிறுவனத்தின் பணிமுறை மேற்கு நாடுகளின் அப்படியான நகல் அன்று. அங்கு ஆயத்தம் பெறும் நோயாளி மின்தூக்கியும் வழவழப்பான நடைபாதையும் உள்ள நகருக்குத் திரும்புவார். வேலூரில் பயிற்சி பெறுபவரோ மண் தரையும் உயர்ந்த வாசற்படியும் கிணற்றடிக் குளியலும் உள்ள வீட்டுக்குத் திரும்புபவர். எனவே தரையில் அமர்ந்து எழுதல், தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுதல், உள்ளூரில் பழுதுபார்க்கக் கூடிய கருவிகளைப் பயன்படுத்துதல், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழிலைக் கற்றல் ஆகியவை இன்றியமையாதவை. நோயாளியுடன் தங்கும் உறவினரும் பயிற்சியில் பங்கு பெறுவது இந்தியச் சூழலுக்கே உரிய வலிமையாகும்.

மறுவாழ்வுப் பயிற்சியின் முதன்மையான கூறுகள் பின்வருமாறு:

- படுக்கையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுதல். நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கைகளை ஊன்றி அடிக்கடி உடலை உயர்த்தி அழுத்தத்தைக் குறைத்தல்.
- சிறுநீர்ப்பையைக் குறித்த நேரங்களில் காலி செய்தல். 1972 இல் அமெரிக்க மருத்துவர் இலாப்பிடசு, தூய்மையான குழாயை நோயாளி தாமே இடைவெளி விட்டுப் பயன்படுத்தினால் போதும் என்று காட்டிய பின், இது வீட்டிலேயே செய்யத்தக்கதாயிற்று.
- தோள், கை தசைகளை வலுப்படுத்தல். தாங்கிகளுடன் நிற்கவும் நடக்கவும் பழகுதல்.
- மூட்டுகள் இறுகாமல் நாள்தோறும் அசைத்தல். தசை இறுக்கத்தையும் நரம்பு வலியையும் கட்டுப்படுத்தல்.
- மனத் தளர்ச்சியை எதிர்கொள்ளல். கல்வி, தொழில், குடும்ப வாழ்வு பற்றிய அறிவுரை.

துறைத் தலைவர் தாமே சக்கர நாற்காலியில் வலம் வந்தமை, சொல்லால் விளக்க இயலாததை நோயாளிகளுக்கு விளக்கிற்று. எனினும் மேரி தம்மை ஒரு விதிவிலக்காகக் காட்ட விரும்பவில்லை எனலாம். மருத்துவராக இருந்தமையால் தமக்குக் கிடைத்த பயிற்சி, கூலித் தொழிலாளிக்கும் உழவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் நிறுவிய அமைப்பின் அடிப்படையாகும்.

தொழிற்பகுதிகளும் மறுவாழ்வும்

மேரி இத்துறையைத் தொடங்கியபோது வட தமிழ்நாட்டில் மரத்திலிருந்தும் கிணற்றிலும் தவறி விழுதல் தண்டுவடக் காயத்துக்கு முதன்மையான காரணங்களாக இருந்தன. பின்னர் சூழல் மாறியது. 1970களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டதைத் தொடர்ந்து, கருநாடக எல்லையை ஒட்டிய ஒசூர் – கிருட்டிணகிரி பகுதி பெரும் தொழிற்பகுதியாக வளர்ந்தது. கருங்கல் குவாரிகளும் கட்டுமானப் பணிகளும் பெருகின. பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஒசூர், கிருட்டிணகிரி, வேலூர் வழியாகவே செல்கிறது. உயரத்திலிருந்து விழுதலும், பளு விழுதலும், இருசக்கர வண்டி விபத்துகளும் இன்று இளைஞர்களின் முதுகெலும்பைத் தாக்குகின்றன. நாள் முழுவதும் குனிந்து பளு தூக்குவோரிடையேயும், நெடுந்தூரம் வண்டி ஓட்டுவோரிடையேயும் காலுக்கு இறங்கும் முதுகு வலி பரவலாக உள்ளது.

விபத்துக்குப் பிந்தைய முதல் மணி நேரங்களுக்கான வசதிகள் தமிழ்நாட்டில் பெருகியுள்ளன. 2008 இல் 108 அவசர ஊர்தி சேவையும், 2021 இல் விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றி அளிக்கும் இன்னுயிர் காப்போம் திட்டமும் தொடங்கப்பட்டன. 2022 இல் கிருட்டிணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை உயிரைக் காக்கின்றன. காக்கப்பட்ட உயிர் எவ்வாறு வாழும் என்பது அடுத்த வினா. வேலை செய்து குடும்பத்தைத் தாங்கிய ஒருவர் திடீரெனப் படுக்கையில் வீழும்போது, மாதக்கணக்கான பயிற்சிக்கு நேரமும் பொருளும் தேடுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு அரிது. மேரி எழுப்பிய இவ்வினாவின் கடுமை இன்றும் குறையவில்லை.

விபத்து நிகழ்ந்த இடத்தில் காயமுற்றவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கி வண்டியில் உட்கார வைப்பது, ஓரளவு காயமுற்ற தண்டுவடத்தை முழுமையாகச் சேதப்படுத்தக்கூடும். தலையும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து பலகையில் கிடத்தி எடுத்துச் செல்வதே பாதுகாப்பான முறையாகும்.

சிறப்புகளும் வாழ்க்கை வரலாறும்

மேரியின் வாழ்வை அமெரிக்க எழுத்தாளர் தோரதி கிளார்க் வில்சன் நூலாக எழுதினார். என் கைகளை எடுத்துக்கொள்ளும் என்று பொருள்படும் தலைப்புடன் அந்நூல் 1963 இல் ஆங்கிலத்தில் வெளியானது. இவரே ஐடா சுகடர், பால் பிராண்டு ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதியவர். மேரி தம் துறையைக் கட்டியெழுப்பத் தொடங்கிய ஆண்டிலேயே இந்நூல் வெளிவந்ததால், அவருடைய முதன்மையான பணிகள் அதில் இடம்பெறவில்லை. இதனால், விபத்திலிருந்து மீண்ட பெண் என்ற அளவிலேயே அவரைப் பலர் அறிந்துள்ளனர். ஒரு மருத்துவத் துறையை நிறுவியவர் என்பது குறைவாகவே அறியப்படுகிறது.

1972 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

இறுதிக் காலமும் மரபும்

1970களில் உடல்நிலை காரணமாகத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய மேரி, 1986 இல் காலமானார். விபத்துக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்தார். தண்டுவடக் காயமுற்றோர் சில ஆண்டுகளே வாழ்வர் என்று கருதப்பட்ட காலத்தில் காயமுற்ற ஒருவருக்கு இது குறிப்பிடத்தக்கதாகும்.

பாகாயத்திலுள்ள நிறுவனம் இன்று மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிறுவனம் என அழைக்கப்படுகிறது. பயிற்சி முடித்துச் சென்றவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் விழா அங்கு நடத்தப்பட்டு வருகிறது. உடல்நலப் பரிசோதனையும் விளையாட்டும் கலை நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெறுகின்றன. தண்டுவடக் காயத்தில் பின்தொடர் கண்காணிப்பு வாழ்நாள் முழுவதும் தேவை என்பதால் இச்சந்திப்பு மருத்துவ முறையிலும் பயனுடையது.

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான இந்தியச் சட்டங்கள் 1995 இலும் 2016 இலும் இயற்றப்பட்டன. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு போன்றவை அவற்றால் உரிமையாயின. இச்சட்டங்கள் எவையும் இல்லாத காலத்தில், படிக்கட்டுகள் நிறைந்த மருத்துவமனையில் மேரி வர்கீஸ் தம் பணியைச் செய்தார்.

இவற்றையும் பார்க்கவும்

- வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி
- ஐடா சுகடர்
- பால் பிராண்டு
- தண்டுவடக் காயம்
- இயன்முறை மருத்துவம்
- தொழுநோய்